1914: யார் யாரோடு, ஏன்? முதல் உலகப் போரின் தொடக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும், ஆவணப்படம் பார்த்துவிட்டு வருபவர்களும், பாடப்புத்தகத்தின் ஒரு பத்தியோடு திருப்தி அடையாத பள்ளி மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். 1914 ஜூன் முதல் 1915 இறுதி வரையிலான காலம் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. நாடுகள் பக்கம் தேர்ந்ததும், மாறியதும், போர்த்திட்டங்கள் ஒவ்வொன்றாக உடைந்ததும் பெரும்பாலும் இந்தப் பதினெட்டு மாதங்களில்தான். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திருப்பிச் சொல்லவில்லை; கேள்வி எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. ஒரு இளவரசரைச் சுட்டதற்காக ஐரோப்பா முழுவதும் ஏன் சண்டைக்குப் போனது?

1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டையும் அவர் மனைவி சோஃபியையும் கவ்ரிலோ பிரின்சிப் என்ற 19 வயது இளைஞன் சுட்டுக் கொன்றான். ஆனால் அந்தக் கொலைக்கும் போருக்கும் நடுவே ஒரு மாதம் இருக்கிறது. பலரும் தாண்டிச் செல்லும் அந்த ஒரு மாதத்தைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஜூலை 5, 6 தேதிகளில், செர்பியாவை என்ன செய்தாலும் துணை நிற்போம் என்று ஜெர்மனி ஆஸ்திரியாவுக்கு வாக்குக் கொடுத்தது. ஜூலை 23 அன்று ஆஸ்திரியா செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடுவோடு இறுதி எச்சரிக்கை அனுப்பியது. செர்பியா பெரும்பாலான நிபந்தனைகளை ஏற்றது. தன் மண்ணில் ஆஸ்திரிய அதிகாரிகள் விசாரணை நடத்துவதை மட்டும் திட்டவட்டமாக மறுத்தது. ஜூலை 28 அன்று போர் அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து முடிவெடுத்திருக்கிறார். கொலை ஒரு வாய்ப்பைக் கொடுத்தது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தியவை அரசுகள்.

2. உடன்படிக்கைகள் இருந்ததால் ஒரு நாடு இறங்கியதும் மற்றவை தானாக இறங்கிவிட்டன, அப்படித்தானே?

இப்படித்தான் தேர்வில் எழுதச் சொல்கிறார்கள். இந்த விளக்கம் சரியல்ல என்பதை முடிந்த இடத்திலெல்லாம் சொல்லி வருகிறேன்.

ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி மூன்றும் 1882 முதல் முக்கூட்டு உடன்படிக்கையில் இருந்தன. ருமேனியா 1883 முதல் இரகசியமாக அவற்றோடு சேர்ந்திருந்தது. எதிர்ப்பக்கம் பிரான்ஸுக்கும் ரஷ்யாவுக்கும் 1894 முதல் முறையான இராணுவக் கூட்டணி. பிரிட்டனோ 1904-இல் பிரான்ஸோடும் 1907-இல் ரஷ்யாவோடும் காலனி நாடுகள் பற்றிய தகராறுகளைத்தான் தீர்த்துக்கொண்டது. "நீ போருக்குப் போனால் நானும் வருவேன்" என்று யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

இப்போது நடந்ததைப் பாருங்கள். எழுத்தில் கட்டுப்பட்டிருந்த இத்தாலியும் ருமேனியாவும் வரவில்லை. எழுத்தில் கட்டுப்படாத பிரிட்டன் வந்தது. எந்தப் பட்டியலிலும் இல்லாத துருக்கி மூன்றே மாதத்தில் உள்ளே இருந்தது. உடன்படிக்கை தானாகவே இழுத்துவிடும் என்றால் இந்த நான்கில் ஒன்றுகூட நடந்திருக்கக் கூடாது. அந்தந்த அரசு அந்த வாரத்தில் தன் நலன் எது என்று கணக்கிட்டது. உடன்படிக்கையின் வாசகத்தை அதற்கேற்பப் படித்துக்கொண்டது.

3. படைதிரட்டல் என்றால் ஆட்களைக் கூட்டுவதுதானே? அது எப்படிப் போர் ஆகும்?

மற்ற நாடுகளுக்கு ஆகாது, ஜெர்மனிக்கு ஆகும். ரஷ்யா ஜூலை 30 அன்று பொதுப் படைதிரட்டலுக்கு உத்தரவிட்டது. அந்தப் பெரும் படை எல்லைக்குள்ளேயே வாரக்கணக்கில் நின்றிருக்க முடியும். ஜெர்மனியின் திட்டமோ ரஷ்யா திரளும் அந்த வாரங்களுக்குள் பிரான்ஸை முடித்துவிடுவது (அடுத்த கேள்வியைப் பாருங்கள்). அதனால் அவர்கள் படைதிரட்டிய கையோடு பெல்ஜியத்துக்குள் போயாக வேண்டும். லியேஜ் நகரைப் பிடிக்கும் வேலை படைதிரட்டலின் முதல் நாட்களிலேயே எழுதப்பட்டிருந்தது.

இதெல்லாம் ரயிலை நம்பி இருந்தது. ஜெர்மனி சுமார் 11,000 ரயில்களை இதற்கென்று அட்டவணை போட்டு வைத்திருந்தது. கொலோன் நகரில் ரைன் நதிப் பாலத்தை ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒரு ரயில் கடந்தது, அதுவும் இரவும் பகலுமாக இரண்டு வாரத்துக்கு மேல். ஆகஸ்ட் 1 மாலை, பிரிட்டன் ஒதுங்கி நிற்கக்கூடும் என்று லண்டனிலிருந்து தவறான ஒரு தந்தி வந்தபோது, பேரரசர் வில்ஹெல்ம் மகிழ்ந்துபோய், படை முழுவதையும் கிழக்கே ரஷ்யாவை நோக்கித் திருப்பச் சொன்னார். தலைமைத் தளபதி மோல்ட்கே முடியாது என்றார். பத்து லட்சம் பேரின் நகர்வை ஓர் இரவில் புதிதாகத் திட்டமிட முடியாது. திருப்பினால் கிழக்கே போய்ச் சேர்வது சோறும் குண்டும் இல்லாத ஒரு கூட்டமாக இருக்கும் என்பது அவர் வாதம். அவர் கண்கலங்கித் திரும்பினார் என்று உடனிருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

4. தகராறு ரஷ்யாவோடு, ஜெர்மனி ஏன் பிரான்ஸைத் தாக்கியது?

இரு பக்கமும் எதிரி இருக்கும்போது ஒருவரை விரைவாக வீழ்த்திவிட்டு மற்றவரிடம் திரும்புவது என்ற கணக்கு. ரஷ்யா பரந்த நாடு, ரயில் பாதைகள் குறைவு, படை திரள நாளாகும். பிரான்ஸ் சிறியது, வேகமாகத் திரளும். எனவே முதலில் பிரான்ஸ். 1891 முதல் 1906 வரை ஜெர்மன் தலைமைத் தளபதியாக இருந்த ஷ்லீஃபன் இதற்கு வடிவம் கொடுத்தார். பிரான்ஸின் கிழக்கு எல்லையில் வலுவான கோட்டைகள் இருந்ததால், வடக்கே பெல்ஜியம் வழியாகச் சுற்றி வந்து பிரெஞ்சுப் படையைப் பின்புறமாக மடக்குவது என்பது திட்டம்.

ஆகஸ்டில் ஜெர்மனியின் எட்டுப் படைகளில் ஏழு மேற்கே போயின. கிழக்கு பிரஷியாவைக் காக்க ஒன்றே ஒன்று விடப்பட்டது. ஷ்லீஃபன் 1913-இலேயே இறந்துவிட்டார், நடைமுறைப்படுத்தியவர் மோல்ட்கே.

5. பெல்ஜியத்துக்காகத்தான் பிரிட்டன் போருக்கு வந்ததா, அல்லது அது வெறும் சாக்கா?

சாக்கு என்று ஒதுக்குவதும் தவறு, அது மட்டுமே காரணம் என்பதும் தவறு. 1839 லண்டன் ஒப்பந்தப்படி பெல்ஜியத்தின் நடுநிலைக்கு பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரியா, ரஷ்யா, பிரஷியா ஐந்தும் பொறுப்பேற்றிருந்தன. அந்த பிரஷியாவின் வாரிசான ஜெர்மனியே 1914 ஆகஸ்ட் 2 அன்று வழிவிடக் கேட்டு பெல்ஜியத்துக்கு எச்சரிக்கை கொடுத்தது. மன்னர் ஆல்பர்ட் மறுத்தார். 4-ஆம் தேதி ஜெர்மன் படை நுழைந்தது. அன்றிரவே பிரிட்டன் போர் அறிவித்தது. ஒரு காகிதத் துண்டுக்காகவா போரிடுகிறீர்கள் என்று ஜெர்மன் அரசின் தலைமை அமைச்சர் (சான்சலர்) பெத்மன் ஹோல்வெக் பிரிட்டிஷ் தூதரிடம் கேட்டது உலகம் முழுவதும் பரவி, ஜெர்மனியின் பெயரைக் கெடுத்தது.

பின்னணியில் இன்னொன்று உண்டு. 1912 முதல் பிரெஞ்சுக் கடற்படை பெரும்பாலும் மத்தியதரைக் கடலில் நின்றது. வட கடற்கரையை பிரிட்டன் பார்த்துக்கொள்ளும் என்பது எழுத்தில் முழுமையாக வராத புரிதல். பிரான்ஸ் விழுந்து, ஆங்கிலக் கால்வாயின் அக்கரைத் துறைமுகங்கள் ஜெர்மனியிடம் போவதை லண்டன் ஏற்காது. ஆனாலும் ஆகஸ்ட் முதல் நாளில் அமைச்சரவை பிளவுபட்டே இருந்தது. மார்லியும் பர்ன்ஸும் பதவி விலகினார்கள். மற்றவர்களையும் நாடாளுமன்றத்தையும் ஒன்று சேர்த்தது பெல்ஜியம்தான்.

6. பெல்ஜியம் போன்ற சின்ன நாடு எதிர்த்து என்ன பயன்?

மிகுந்த பயன். லியேஜைச் சுற்றி 12 கோட்டைகள். கடைசிக் கோட்டை ஆகஸ்ட் 16-இல்தான் விழுந்தது, அதுவும் 420 மில்லிமீட்டர் க்ரூப் பீரங்கிகளைக் கொண்டுவந்த பிறகு. அதைவிட முக்கியம், பெல்ஜியர்கள் பாலங்களையும் சுரங்கப்பாதைகளையும் தகர்த்தது. அதன் பலனை அடுத்த மாதம் பிரான்ஸின் மார்ன் நதிக்கரையில் பார்க்கலாம் (8, 9-ஆம் கேள்விகள்). அக்டோபர் இறுதியில் நியூபோர்ட்டின் மதகுகளைத் திறந்து கடல் நீரை வயல்களுக்குள் விட்டார்கள். ஜெர்மானியர்கள் கடைசிச் சில கிலோமீட்டர்களைக் கடக்க முடியாமல் நின்றார்கள். போர் முடியும் வரை அந்த மூலை பெல்ஜியத்தின் கையிலேயே இருந்தது. பொதுமக்கள் கொடுத்த விலை கொடியது: டினான், லூவான் நகரங்களில் படையினர் குடிமக்களைச் சுட்டார்கள், லூவான் பல்கலைக்கழக நூலகத்தைக் கொளுத்தினார்கள்.

7. பிரான்ஸிடம் திட்டமே இல்லையா?

இருந்தது, தவறான திசையில். 1871-இல் இழந்த அல்சாஸ்-லொரேன் பகுதியை நோக்கி முன்னேறித் தாக்குவது தளபதி ஜோஃப்ரின் எண்ணம். சிவப்புக் கால்சட்டையும் நீல மேலங்கியும் அணிந்த வீரர்கள் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு முன் திறந்த வயலில் ஓடினார்கள். ஆகஸ்ட் 22 ஒரே நாளில் சுமார் 27,000 பிரெஞ்சு வீரர்கள் இறந்தார்கள். பிரெஞ்சு இராணுவ வரலாற்றில் அதைவிடக் கொடிய நாள் இல்லை.

ஜோஃப்ரின் பெருமை அதற்குப் பிறகு தொடங்குகிறது. பதறாமல் பின்வாங்கினார், திறமையற்ற தளபதிகளைக் கூசாமல் நீக்கினார், கிழக்கிலிருந்த படைகளை ரயிலில் பாரிஸ் பக்கம் கொண்டுவந்து புதிய ஆறாம் படையை உருவாக்கினார்.

8. பாரிஸ் டாக்சிகள்தான் பிரான்ஸைக் காப்பாற்றினவா?

டாக்சிகள் உண்மை. செப்டம்பர் 6, 7 இரவுகளில் பாரிஸ் இராணுவ ஆளுநர் காலியெனியின் ஏற்பாட்டில் சுமார் 600 வாடகைக் கார்கள், பெரும்பாலும் சிவப்பு நிற ரெனோ வண்டிகள், வண்டிக்கு நான்கைந்து வீரர்களை ஏற்றிக்கொண்டு மார்ன் நதிப் போர்முனைக்குப் போயின. கட்டண மீட்டர்கள் ஓடின. அரசு அந்தப் பணத்தைக் கொடுத்தது. ஆனால் அவை ஏற்றிச் சென்றவர்கள் சில ஆயிரம் பேர். அந்த மார்ன் சண்டையில் இரு தரப்பிலும் இறங்கியவர்கள் இருபது லட்சத்தை நெருங்குவார்கள். மிகப் பெரும்பான்மையானோர் வந்தது ரயிலிலும் கால்நடையாகவும்தான். டாக்சிகள் பாரிஸ் மக்களுக்குக் கொடுத்த தெம்பு வேறு கணக்கு.

வெற்றியைத் தீர்மானித்தது ஓர் இடைவெளி. ஜெர்மனியின் முதலாம் படைத் தளபதி குளூக், பாரிஸை மேற்கே சுற்றாமல் அதற்குக் கிழக்காகத் திரும்பினார். அதனால் அவருடைய பக்கவாட்டு பாரிஸை நோக்கித் திறந்து கிடந்தது. அங்கே ஆறாம் படை தாக்கியதும், குளூக் தன் படையை மேற்கே திருப்பினார்; அவருக்கும் இரண்டாம் படையின் பியூலோவுக்கும் நடுவே சுமார் 50 கிலோமீட்டர் விரிசல் விழுந்தது. பிரிட்டிஷ் படையும் பிரெஞ்சு ஐந்தாம் படையும் அதற்குள் நுழைந்தன.

மோல்ட்கே அப்போது இருந்தது வெகு தொலைவில், லக்சம்பர்க்கில். நிலைமையைப் பார்த்துவர ஹென்ட்ஷ் என்ற லெப்டினன்ட் கர்னலைக் காரில் அனுப்பினார். அவர் படை படையாகப் போய்ப் பார்த்தார். செப்டம்பர் 9 அன்று பியூலோ பின்வாங்க, குளூக்கும் பின்வாங்க வேண்டும் என்று மோல்ட்கேயின் பெயரால் சொன்னார். ஒரு பேரரசின் போர்த்திட்டத்தை ஒரு லெப்டினன்ட் கர்னல் நிறுத்திவைத்தார் என்று ஜெர்மனியில் நெடுங்காலம் பழித்தார்கள். எனக்கு அது அநியாயமாகத் தெரிகிறது. அவர் விரிசலை உண்டாக்கவில்லை, கண்ணால் கண்டதைச் சொன்னார். செப்டம்பர் 14 அன்று மோல்ட்கேயின் இடத்தில் ஃபால்கன்ஹைன் வந்தார்.

9. ஷ்லீஃபன் திட்டத்தை மோல்ட்கே கெடுக்காமல் இருந்திருந்தால் ஜெர்மனி வென்றிருக்குமா?

இதைப் போருக்குப் பிறகு ஜெர்மன் தளபதிகளே பரப்பினார்கள். திட்டம் தவறானது என்று ஒப்புக்கொள்வதைவிட, இறந்துபோன மோல்ட்கேமேல் பழி போடுவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. வலது பக்கத்தைப் பலவீனப்படுத்தினார், இரண்டு படைப்பிரிவுகளைக் கிழக்கே அனுப்பினார் என்பவை குற்றச்சாட்டுகள். இரண்டும் நடந்தவை.

ஆனால் ஷ்லீஃபனின் 1905 குறிப்பு பிரான்ஸோடு மட்டும் நடக்கும் போருக்கு எழுதப்பட்டது. ஜப்பானிடம் தோற்ற ரஷ்யா அப்போது எழவே முடியாத நிலையில் இருந்தது. அந்தக் குறிப்பில் நகர்த்தப்படும் படைப்பிரிவுகளில் சில அன்று ஜெர்மனியிடம் இல்லவே இல்லை. வலது பக்கத்தில் இன்னும் ஆட்களைச் சேர்த்திருந்தாலும் அவர்களும் வெயிலில் நாள்தோறும் 30 கிலோமீட்டர் நடந்தாக வேண்டும்; 6-ஆம் கேள்வியில் சொன்ன தகர்ந்த ரயில் பாதைகள் வழியாகத்தான் அவர்களுக்கும் உணவும் குண்டும் வர வேண்டும். பிரெஞ்சுக்காரர்களோ தங்கள் ரயில்களில் உட்கார்ந்தபடி இடம் மாறினார்கள். அந்தப் போட்டியில் நடப்பவன் வெல்வது கடினம்.

10. ரஷ்யா அவ்வளவு பெரிய படையோடு டானன்பெர்க்கில் ஏன் தோற்றது?

அவசரம். படைதிரட்டிய 15-ஆம் நாளிலேயே தாக்குவோம் என்று பிரான்ஸுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள், அதைக் காப்பாற்றினார்கள். ரஷ்யத் தளபதிகளில் ரென்னன்காம்ப் வடக்கிலிருந்தும் சாம்சோனோவ் தெற்கிலிருந்தும் கிழக்கு பிரஷியாவுக்குள் நுழைந்தார்கள்; நடுவே மசூரிய ஏரிகள். ரஷ்ய ரயில் பாதையின் அகலம் வேறு என்பதால் எல்லை தாண்டியதும் அவர்கள் ரயில்கள் பயன்படவில்லை. வானொலிச் செய்திகளைப் பல நேரம் சங்கேதம் இல்லாமலே அனுப்பினார்கள், ஜெர்மானியர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெர்மன் தளபதிகளான, ஓய்விலிருந்து அழைக்கப்பட்ட ஹிண்டன்பர்க்கும், லூடன்டார்ஃபும் வடக்கே ஒரு மெல்லிய திரையை மட்டும் விட்டு, மற்ற எல்லாரையும் ரயிலில் தெற்கே கொண்டுவந்தார்கள். ஆகஸ்ட் 30-க்குள் சுமார் 92,000 ரஷ்யர்கள் சிறைப்பட்டார்கள். சாம்சோனோவ் காட்டுக்குள் தன்னைச் சுட்டுக்கொண்டார்.

இது ரஷ்யாவுக்குத் தோல்வி, பிரான்ஸுக்கு உதவி. 9-ஆம் கேள்வியில் வரும் இரண்டு படைப்பிரிவுகளை மேற்கிலிருந்து பிரித்தெடுத்தது இந்தத் தாக்குதல்தான். டானன்பெர்க் சண்டை நடந்தபோது அவை ரயிலில் இருந்தன. மார்ன் சண்டையிலும் அவை இல்லை. கூட்டணி என்ற சொல்லுக்கு 1914-இல் யாராவது முழு விலை கொடுத்தார்கள் என்றால் அது சாம்சோனோவின் வீரர்கள்.

11. போரைத் தொடங்கிய ஆஸ்திரியா என்ன செய்துகொண்டிருந்தது?

தடுமாறிக்கொண்டிருந்தது. ரஷ்யா மீது ஜெர்மனி ஆகஸ்ட் 1-இல் போர் அறிவித்தது. ஆஸ்திரியா ஆகஸ்ட் 6-இல்தான் அறிவித்தது. தளபதி கோன்ராட் தன் இரண்டாம் படையை முதலில் செர்பியாவுக்கு அனுப்பி, பிறகு ரஷ்ய எல்லையை ஒட்டிய கலீஷியாவுக்குத் திருப்பி, இரண்டு இடத்திலும் பயனில்லாமல் ஆக்கினார். செர்பியர்கள் ஆகஸ்டில் ட்செர் மலையில் ஆஸ்திரியர்களை விரட்டினார்கள். டிசம்பரில் பெல்கிரேடை இழந்து இரண்டு வாரத்துக்குள் மீட்டார்கள். கலீஷியாவில் லெம்பெர்க் ரஷ்யர்களிடம் வீழ்ந்தது. ப்ஷெமிஷெல் கோட்டை 1915 மார்ச் 22 அன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களோடு சரணடைந்தது. அதன் பிறகு 1915 மே மாதம் கோர்லிட்ஸ் அருகே ஜெர்மன் தளபதி மாக்கன்சன் வந்துதான் நிலைமை திரும்பியது. அதுமுதல் ஆஸ்திரியா கூட்டாளி என்பதைவிட ஜெர்மனியின் பொறுப்பு என்றே சொல்ல வேண்டும்.

12. இத்தாலி நண்பனை முதுகில் குத்தியதா?

வியன்னாவில் அப்படித்தான் சொன்னார்கள். உடன்படிக்கையின் வாசகத்தைப் படித்தால் 1914 நடுநிலையில் குற்றம் காண முடியாது. முக்கூட்டு உடன்படிக்கை தற்காப்புக்கானது. உறுப்பு நாடு தாக்கப்பட்டால் உதவ வேண்டும். ஆஸ்திரியா தாக்கப்படவில்லை, தாக்கியது. மேலும் 7-ஆவது பிரிவு, பால்கனில் நிலைமையை மாற்றினால் முன்கூட்டிப் பேசி இழப்பீடும் தர வேண்டும் என்றது. ஆஸ்திரியா கலந்து பேசவில்லை. சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு: நீண்ட கடற்கரையும், பிரிட்டனிலிருந்து வரும் நிலக்கரியை நம்பிய தொழில்களும் கொண்ட நாடு பிரிட்டிஷ் கடற்படையை எதிர்த்து வாழ முடியாது.

1915 வேறு கதை. பிரதமர் சலாந்த்ராவும் வெளியுறவு அமைச்சர் சொன்னினோவும் இரு பக்கமும் பேரம் பேசினார்கள். ஜெர்மனியின் வற்புறுத்தலால் ஆஸ்திரியா தன் வசமிருந்த ட்ரென்டினோ பகுதியைத் தர மெதுவாக இறங்கி வந்தது. நேச நாடுகளோ (பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா) தங்களுடையது அல்லாத நிலத்தைத் தாராளமாகக் கொடுத்தன: ட்ரென்டினோ, தெற்கு டிரோல், ட்ரியெஸ்ட், இஸ்ட்ரியா, டால்மேஷியாவில் ஒரு பகுதி. ஏப்ரல் 26 அன்று லண்டனில் இரகசியமாகக் கையெழுத்தானது. முக்கூட்டு உடன்படிக்கையை இத்தாலி முறித்துக்கொண்டது மே முதல் வாரத்தில். அதாவது ஏறத்தாழ ஒரு வாரம் இத்தாலி இரண்டு எதிரெதிர்க் கூட்டணிகளிலும் உறுப்பினர்!

நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை போரை விரும்பவில்லை. இந்த ஒப்பந்தம் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. மே 23 அன்று ஆஸ்திரியா மீது மட்டும் போர் அறிவிக்கப்பட்டது. ஜெர்மனி மீது 1916 ஆகஸ்ட் வரை அறிவிக்கவில்லை. பிறகு இசோன்சோ நதிக்கரையில் பன்னிரண்டு சண்டைகள். 1914-இன் நடுநிலையை நான் நியாயப்படுத்துவேன். தன் மக்களிடம் மறைத்துப் போருக்குப் போன 1915-ஐ நியாயப்படுத்த என்னால் முடியாது.

13. ருமேனியா?

ஜெர்மானிய ஹோஹன்ஸோலர்ன் குடும்பத்தில் பிறந்த மன்னர் முதலாம் கரோல், 1914 ஆகஸ்ட் 3 அன்று சினாயா அரண்மனையில் கூடிய சபையில் தன் இரகசிய உடன்படிக்கையை எடுத்துவைத்தார். அமைச்சர்கள் ஏற்கவில்லை. இத்தாலியின் நடுநிலை அவர்களுக்கு வசதியான முன்னுதாரணம். மன்னர் அக்டோபரில் இறந்தார். 1916-இல் ருமேனியா நேச நாடுகளோடு சேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் புக்கரெஸ்ட் வீழ்ந்தது.

14. பிரிட்டன் இரண்டு கப்பல்களைப் பறித்ததால்தான் துருக்கி ஜெர்மனி பக்கம் போனதா?

கப்பல் கதை உண்மை. சுல்தான் ஒஸ்மான், ரெஷாதியே என்ற இரண்டு போர்க்கப்பல்கள் துருக்கிக்காக பிரிட்டனில் கட்டப்பட்டு வந்தன. அதற்கு மக்களிடம் நன்கொடையும் திரட்டப்பட்டது. சுல்தான் ஒஸ்மானை ஓட்டிப்போக வந்த துருக்கிய மாலுமிகள் டைன் நதியில் காத்திருந்தபோதே, ஆகஸ்ட் தொடக்கத்தில் கடற்படை அமைச்சர் சர்ச்சில் கப்பல்களைக் கைப்பற்றினார். துருக்கியில் மக்கள் கொதித்தார்கள்.

ஆனால் போர் அமைச்சர் என்வர் பாஷா ஜெர்மனியோடு பேசத் தொடங்கியது அதற்கு முன்பே, ஜூலையில். இரகசிய உடன்படிக்கை ஆகஸ்ட் 2-இல் கையெழுத்தானது. ரஷ்யா பற்றிய பயமும், தனித்து விடப்பட்டால் பங்குபோட்டுவிடுவார்கள் என்ற பயமும்தான் வேர். கப்பல் பறிப்பு அந்த முடிவை மக்களிடம் நியாயப்படுத்தியது.

பிரிட்டிஷ் கடற்படையிடமிருந்து தப்பிய கோபன், பிரெஸ்லாவ் என்ற ஜெர்மன் கப்பல்கள் ஆகஸ்ட் 10 அன்று துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணைக்குள் நுழைந்தன. நடுநிலை நாட்டில் அவை நிற்கக் கூடாது என்பதால் துருக்கி அவற்றை வாங்கியதாக அறிவித்தது. யாவுஸ், மிடில்லி என்று பெயர் மாறின. ஜெர்மன் மாலுமிகள் துருக்கித் தொப்பி அணிந்தார்கள். அவற்றின் ஜெர்மன் தலைவர் அட்மிரல் சூஷோன் அப்படியே தொடர்ந்தார். உடன்படிக்கைப்படி துருக்கி உடனே இறங்கியிருக்க வேண்டும். மூன்று மாதம் இழுத்தது. ஜெர்மன் தங்கம் வந்து சேர்ந்த பிறகு, அக்டோபர் 29 அன்று சூஷோனின் கப்பல்கள் ஒடெஸா, செவஸ்டபோல் துறைமுகங்களைச் சுட்டன. இஸ்தான்புல் அமைச்சர்கள் பலருக்கு அது பிறகுதான் தெரிந்தது. சிலர் பதவி விலகினார்கள். நவம்பர் 2 அன்று ரஷ்யா போர் அறிவித்தது. நீரிணை மூடியதால் ரஷ்யாவின் கோதுமை வெளியே போகவில்லை, ஆயுதம் உள்ளே வரவில்லை. 1915-இன் கலிப்பொலிப் படையெடுப்பு அந்தக் கதவைத் திறக்க எடுத்து, தோற்ற முயற்சி.

15. சென்னையில் குண்டு போட்ட எம்டனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

எம்டன், சீனக் கடற்கரையில் ஜெர்மனி வைத்திருந்த சிங்தாவ் துறைமுகத்தைச் சேர்ந்த கப்பல். பிரிட்டனோடு 1902 முதல் கூட்டணியில் இருந்த ஜப்பான், ஜெர்மனியின் ஆசிய உடைமைகள் மீது கண்வைத்து ஆகஸ்ட் 23 அன்று போர் அறிவித்தது. தளம் பறிபோகும் என்று தெரிந்த ஜெர்மன் கிழக்காசியக் கடற்படைப் பிரிவு பசிபிக்கைக் கடந்து போனது; கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் எம்டன் மட்டும் பிரிந்து இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது.

1914 செப்டம்பர் 22 இரவு அது சென்னைத் துறைமுகத்தின் முன் நின்று, தேடுவிளக்கைப் போட்டு, பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டது. தொட்டிகள் தீப்பற்றின. குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் கல்வெட்டு உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் இருக்கிறது. நகரைப் பிடிக்கும் நோக்கம் முல்லருக்கு இல்லை. ஒரே ஒரு கப்பல் பிரிட்டிஷ் வணிகத்தை முடக்கி, தன்னைத் தேடப் பல போர்க்கப்பல்களை அலைய வைப்பதுதான் கணக்கு. நவம்பர் 7 அன்று சிங்தாவ் ஜப்பானிடம் வீழ்ந்தது. 9-ஆம் தேதி கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை வீழ்த்தியது.

16. இந்திய வீரர்கள் எப்போது வந்தார்கள்?

லாகூர், மீரட் பிரிவுகள் 1914 செப்டம்பர் இறுதி முதல் மார்சேய் துறைமுகத்தில் இறங்கின. மார்னுக்குப் பிறகு இரு தரப்பும் ஒன்றையொன்று வடக்கே சுற்ற முயன்று கடல் வரை பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்த நேரம் அது; சிறிய பிரிட்டிஷ் படையின் வரிசையில் ஓட்டைகள் விழுந்திருந்தன. இந்தியர்கள் அந்த ஓட்டைகளில் நிறுத்தப்பட்டார்கள். அக்டோபர் 31 அன்று ஹொல்லபேக்கில் தன் குழுவினர் அனைவரும் இறந்த பிறகும் இயந்திரத் துப்பாக்கியை விடாமல் இயக்கிய குதாதாத் கான், விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்திய வீரர். பலர் வெப்பநாட்டுப் பருத்திச் சீருடையோடு அந்தக் குளிரில் நின்றார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் நவம்பரில் டாங்கா துறைமுகத்தைத் தாக்கித் தோற்ற படையில் பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63-ஆவது காலாட்படையும் இருந்தது.

17. ரஷ்யா பக்கம் இருக்க வேண்டிய ஸ்லாவிய நாடு பல்கேரியா ஏன் எதிர்ப்பக்கம் போனது?

1913 பால்கன் போரில் செர்பியாவிடமும் கிரீஸிடமும் மாசிடோனியாவை இழந்த காயம். இரு தரப்பும் 1915 முழுவதும் பல்கேரியாவை அழைத்தன. நேச நாடுகள் மாசிடோனியாவைத் தர வேண்டுமானால் தங்கள் நண்பன் செர்பியாவிடமிருந்து பிடுங்க வேண்டும்; ஜெர்மனிக்கு அந்தச் சங்கடம் இல்லை. கலிப்பொலியில் நேச நாடுகள் சிக்கியதையும், ரஷ்யா போலந்திலிருந்து பின்வாங்கியதையும் பார்த்த மன்னர் ஃபெர்டினாண்ட் செப்டம்பர் 6 அன்று கையெழுத்திட்டார்.

அக்டோபரில் மூன்று பக்கமும் தாக்கப்பட்ட செர்பியப் படை, மன்னரும் அகதிகளுமாக அல்பேனிய மலைகளைப் பனியில் கடந்து, பிறகு கோர்ஃபு தீவில் கரையேறியது. 1916 ஜனவரியில் பெர்லினிலிருந்து இஸ்தான்புல்லுக்கு நேரடி ரயில் ஓடத் தொடங்கியது.

18. அப்படியானால் யார் குற்றவாளி? ஜெர்மனி மட்டுமா?

2-ஆம் கேள்வியில் சொன்னபடி, தேர்ந்தெடுத்தவர்கள் பொறுப்பாளிகள். பொறுப்பு சம அளவில் இல்லை. செர்பியாவோடு போரை வேண்டுமென்றே தேடியது வியன்னா. கைவிரிக்காமல் ஊக்கியது பெர்லின். அந்த இரண்டையும் முதலில் வைப்பேன். பேச்சுக்கு இடமிருந்தபோதே பொதுப் படைதிரட்டலுக்குப் போனது ரஷ்யா. அதைத் தடுக்கப் போதுமான முயற்சி எடுக்காதது பிரான்ஸ். தன் நிலையைக் கடைசி வரை தெளிவாகச் சொல்லாதது பிரிட்டன். கொலைகாரர்களுக்கு ஆயுதம் கொடுத்த அதிகாரிகளைத் தன் இராணுவத்துக்குள் வைத்திருந்தது செர்பியா.

தடுத்திருக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஜூலை 28-ஐக் காட்டுவேன். அன்று காலை செர்பியாவின் பதிலைப் படித்த வில்ஹெல்ம், போருக்கான காரணமே போய்விட்டது என்று எழுதினார். ஆஸ்திரியா பெல்கிரேடோடு நின்றுகொண்டு பேசலாம் என்றார். பெத்மன் ஹோல்வெக் அந்த யோசனையை அன்றிரவு வரை வைத்திருந்து, வலுவைக் குறைத்து வியன்னாவுக்கு அனுப்பினார். அதற்குள் ஆஸ்திரியாவின் போர் அறிவிப்பு சாதாரணத் தந்தியாக நிஷ் நகரில் இருந்த செர்பிய அரசுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.